இரண்டு பக்கமும் மின்னிய கார்

அபிராமபுரத்தில் ஒரு தெருமுனையில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். வலப்புறமிருந்து வந்த காரில் இடது இண்டிகேட்டர் மின்னியது. நான் நின்ற தெருவுக்குள்தான் திரும்பப் போகிறது என்று நம்பிச் சாலையைக் கடக்கத் தொடங்கினேன். கார் நேராக வந்து இடித்ததில் என் மணிக்கட்டு முறிந்தது.

"நேரா போறேன்னுதான் ரெண்டு பக்கமும் போட்டுக்கினு வரேன், பாக்க மாட்டியாம்மா?" என்று டிரைவர் கத்தினார். பக்கவாட்டில் நின்றவளுக்கு மறுபக்க விளக்கு எப்படித் தெரியும்? திரும்புவதற்கும் ஆபத்து எச்சரிக்கைக்கும் ஒரே விளக்கை வைத்தவர்கள் இதை யோசிக்கவே இல்லையா? கூடியிருந்தவர்களோ அவருக்குத்தான் தலையாட்டினார்கள்.

மாவுக்கட்டோடு என்னைக் காரில் அழைத்துவந்த என் கணவரும் அடுத்த சந்திப்பில் இரண்டு பக்க விளக்கையும் மின்னவைக்கும் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தினார். "நேராதானே போறோம்!"

இப்போது நான் எந்த இண்டிகேட்டரையும் நம்புவதில்லை; முன்சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். எங்கள் காரில் ஏறினால், இன்னும் வலிக்கும் அந்தக் கையாலேயே, அவர் அழுத்திவிடாதபடி பொத்தானை மூடிக்கொள்கிறேன்.