மறைத்து வைத்த பட்டம்

சென்னைக்கு வெளியே மண்ணூரில் அந்த அறையில் ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆனால் ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. ஷிப்ட் அப்படி. காலையில் உலகம்மாள் எழுந்து போகும் பாயில், நைட் ஷிப்ட் முடித்த அன்னக்கிளி வந்து விழுவாள். பாயில் ஒருத்தியின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் தூங்கிவிடுவாள். கிடைத்த நேரத்தில் மற்றவர்கள் ஊர்க்கதை, சினிமாக்கதை பேசிச் சிரிப்பார்கள். உலகம்மாள் மட்டும் அளந்துதான் பேசுவாள். வாய் தவறி ஏதாவது வந்துவிடுமோ என்று பயம்.

அவள் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவள். அது அங்கே யாருக்கும் தெரியாது.

கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி அது. ப்ளஸ் டூ முடித்த பெண்கள்தான் வேண்டும் என்றார்கள். டிகிரி படித்தவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். ஊரிலிருந்து ஆள் சேர்த்து அழைத்து வந்த ஏஜெண்ட் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான்: "காலேஜ் வாசலையே மிதிச்சதில்லன்னு சொல்லு. மூணு வருசமா வீட்டுல சும்மா இருந்தேன்னு சொல்லு." அவளும் அப்படியே சொன்னாள். சொல்லி முடித்ததும் திருநெல்வேலியில் படித்த மூன்று வருடமும் நடக்காதது போல ஆகிவிட்டது.

ஆனால் அந்த மூன்று வருடத்துக்கு வாங்கிய வங்கிக் கடன் அப்படியே இருந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் அப்பா முப்பிடாதி கையெழுத்துப் போட்டு வாங்கியது. "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று அன்றைக்கு வங்கி மேனேஜர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, "கலெக்டர் ஆயிருவா சார்" என்றார். அவளுக்குக் கலெக்டர் ஆசையெல்லாம் இல்லை. ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது, ஓர் ஆட்சி எப்படிக் கவிழ்கிறது என்று படிக்கும்போது அவளுக்கு உள்ளே ஏதோ விழித்துக்கொள்ளும். அதை வங்கியில் எப்படிச் சொல்வது?

2005ஆம் ஆண்டு கல்லூரிகள் திறக்கிற சமயம், சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்தது. யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தாள். அதற்கும் கடன் தருவார்கள். பழைய கடன் படிப்பு முடியும்வரை காத்திருக்கும், வட்டி மட்டும் வளரும். யோசனை கேட்க ஆள் இல்லாமல், கல்லூரியில் தனக்கு மூத்தவளான செந்தாமரைக்கு போன் போட்டாள். செந்தாமரை எம்.ஏ., எம்.பில். முடித்துவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் சந்தித்தார்கள். செந்தாமரை இளைத்துப் போயிருந்தாள். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு டீ குடித்தார்கள்.

"உனக்குப் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வருது உலகு?"

"ஓவர்டைம் பாத்தா மூவாயிரம் வரும்க்கா."

செந்தாமரை சிரித்தாள். "எனக்கு ரெண்டு தாண்டாது. மணிக்கு இவ்வளவுன்னுதான் கொடுக்காங்க. காலேஜ் லீவுன்னா அதுவும் கெடையாது. லோனு கட்ட அண்ணன்கிட்ட கைய நீட்டிக்கிட்டு நிக்கேன். மதினி முகத்த நீ பாக்கணுமே."

"கிளாஸ் எடுக்கதாவது நல்லாருக்கும்லா? பேச ஆள் இருப்பாங்கல்லா?"

"யாரு பேசுதா? நோட்ஸ் சொல்லுதேன், எழுதிக்கிடுதாங்க." டீக் கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நீ இங்கயே கெட. கடன அடைச்சிரு. அப்புறம் படிக்கணும்னு தோணுச்சுன்னா படி."

ரயில் வந்தது. ஏறும்போது செந்தாமரை உலகம்மாளின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். உலகம்மாள் அடுத்த ரயிலும் போகும்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எம்.ஏ. இடத்தை விட்டுவிட்டாள்.

அந்த முடிவில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அது சில வாரங்கள்கூட நிற்கவில்லை.

கம்பெனியில் புதிதாக ஓர் உற்பத்தி லைன் போடுகிறார்கள் என்று சூப்பர்வைசர் ரகுபதி எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். உள்ளூர்க்காரர், கத்திப் பேசினாலும் நல்ல மனிதர். "லைன் லீடருக்கு ஆள் வோணும். டிகிரி முடிச்சவங்க யார்னா கீறீங்களா? இன்னா டிகிரியா இருந்தாலும் சரி, தபால்ல படிச்சதுன்னாலும் சரி. சம்பளம் கூட."

அவள் மனம் வேகமாகக் கூட்டிக் கழித்தது. அந்தச் சம்பளம் வந்தால் கடன் பாதிக் காலத்தில் தீர்ந்துவிடும். சேரும்போது சொன்ன பொய் நினைவுக்கு வருவதற்குள் கை தானாக உயர்ந்தது.

"நீயா? இன்னா படிச்ச?"

"பி.ஏ. பொலிடிகல் சயின்ஸ் சார்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். ரகுபதி சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள்.

மறுநாள் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "அரசியல் படிச்சுட்டு, அதை மறைச்சு, வயர் கட்ட வந்திருக்கீங்க. உங்களை எந்த யூனியன் அனுப்பிச்சது?"

"யாரும் அனுப்பல சார். கடன் இருக்கு."

"கடன் எல்லாருக்கும்தான் இருக்கு."

அரசியல் அறிவியல் என்பது யூனியன் வைக்கக் கற்றுத்தரும் படிப்பு இல்லை என்று சொல்லப் பார்த்தாள். தான் சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடுவது தெரிந்து நிறுத்திக்கொண்டாள். அந்த மாதத்தோடு முடியும் அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார்கள். வெளியே ரகுபதி நின்றிருந்தார். "ஏம்மா, மொதல்லயே எங்கிட்ட சொல்லி இருக்கக் கூடாதா?" என்றார்.

அறையில் அன்னக்கிளி முழித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒரே பாயில படுத்து எந்திரிச்சோம். எங்கிட்டகூடச் சொல்லலையே நீ."

"பயந்துட்டேன் அன்னம்."

"நாங்க பேசுறதையெல்லாம் கேட்டு மனசுக்குள்ள சிரிச்சிருப்பே."

உலகம்மாள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அன்னக்கிளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒதுங்கினார்கள், அவளோடு நின்று பேசினால் தங்கள் வேலைக்கும் ஆபத்து என்று பேச்சு கிளம்பியிருந்தது. அதில் அவளால் குற்றம் காண முடியவில்லை.

அப்பாவுக்கு போன் செய்து, கம்பெனி வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறது என்றாள். "புரமோசனா தாயி?" என்று அவர் கேட்டார். "ஆமாப்பா" என்றாள்.

ஒரகடத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. இந்த முறை ப்ளஸ் டூவைக்கூடச் சொல்லவில்லை. சம்பளம் குறைவு. கடன் தவணை கட்டிவிட்டு, மீதியில் வாழப் பழகிக்கொண்டாள். அறையில் இருந்த பெண்களின் பெயர்கள் மனதில் பதியவே நாளாயிற்று.

மறுவருடம் சட்டமன்றத் தேர்தல் முடிந்து, எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை என்று முடிவு வந்த வாரம், ஷேர் ஆட்டோவில் பெரிய சண்டையே நடந்தது. "மெஜார்ட்டி இல்லாம எப்டிய்யா கவர்மெண்ட் வைப்பான்? திரும்ப எலெக்ஷன்தான்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். எத்தனையோ நாள் பூட்டிக் கிடந்த வாய் அவளை மீறித் திறந்தது. மற்றக் கட்சிகள் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தால் போதும், சபையில் ஓட்டெடுப்பு வரும்போது எதிர்ப்பைவிட ஒரு ஓட்டு கூட இருந்தால் ஆட்சி நிற்கும் என்று விளக்கினாள். பேசப் பேச அவள் குரல் தெளிந்தது. ஆட்டோவில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவள் தோளைத் தட்டினாள். "நல்லா புட்டுப் புட்டு வைக்கிறியே! நீ இன்னா படிச்சுகீற?"

"பத்தாவது" என்றாள் உலகம்மாள்.

கம்பெனி கேட் வந்தது. சில்லறையை நீட்டிவிட்டு இறங்கி நடந்தாள்.