பீஸ் போன நாள்

நான் படித்தது இரண்டாம் கிளாஸ். இன்று கோட்டாற்றில் மூன்று கடை வைத்திருக்கிறேன். மூன்றின் கணக்கும் என் தலைக்குள்தான் ஓடுகிறது. அப்பேர்ப்பட்ட என்னையே சின்ன வயதில் ஒரு சொல் கலங்கடித்தது.

எங்கள் தெருவில் முதலில் கரண்டு வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். வேறு யாராவது தங்கள் வீட்டுக்கென்று சொன்னால் நம்ப வேண்டாம். அக்காள் கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா, மின்சார அடுப்பு ஒன்று கொண்டுவந்தார். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, விடுவாரா? திருவனந்தபுரம் போய் மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கிவந்தார். இரண்டுக்கும் ஒரே லைன்.

சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய அப்பாவின் கோட்டை மாமா தேய்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா காப்பிக்கு அடுப்பைப் போட்டார். டப்!

"பீஸ் போச்சு!" என்றார் சித்தப்பா.

எனக்குக் கண் இருட்டியது. பீஸ் கட்டாத பையனை வாத்தியார் வெளியே அனுப்புவதைப் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கான பீஸ் அப்பாவின் பெட்டியில் அல்லவா இருந்தது? அது எப்படி டப்பென்று போகும்?

"அம்மா, பீஸ் போச்சுன்னா என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டாவளா?"

"போ மக்கா, காலுக்குள்ள நிக்காத" என்றாள் அம்மா. அதை நான் 'மாட்டார்கள்' என்றே எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா சுவரிலிருந்த பீங்கான் கட்டையைக் கழற்றி, உள்ளே எரிந்துபோன கம்பியை எடுத்துவிட்டு, மயிரிழை போல ஒரு கம்பியைக் கட்டி மாட்டினார். இருவரும் விட்டுக்கொடுக்காமல் அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்தே போட்டார்கள். மறுபடியும் டப்! என் பீஸ் இரண்டாம் முறையும் போனது.

"இந்த நூலுக் கம்பி எதுக்கு வேய்? வாய்க்கால் அகலமா இருந்தாத்தானே ரெண்டு வயலுக்கும் தண்ணி பாயும்?" என்று மாமா தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தார். "இனி பீஸ் போவவே போவாது!"

நான் குதித்தேன். கோட்டின் சுருக்கமும் மறையத் தொடங்கியது, தண்ணீரும் கொதிக்கத் தொடங்கியது. மாமாவைப் போல் அறிவாளி உலகத்தில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கம்பிமேல் சுற்றியிருந்த துணி தீயும் நாற்றம் வந்தது. சுவரில் கம்பி ஓடிய மரச்சட்டத்திலிருந்து புகை கிளம்பியது. அம்மா ஓடிவந்து மர அகப்பையால் மெயின் சுவிட்சைக் கீழே தட்டினாள்.

"ரெண்டு பெரிய மனுசனும் சேந்து கல்யாண வீட்டைக் கொளுத்தப் பாக்கியளா? மொதல்ல காப்பி, பொறவு கோட்டு. ஒண்ணு நின்ன பொறவுதான் அடுத்தது!"

சட்டத்தில் கருகிய கம்பியை மாற்றி, பீங்கான் கட்டையிலிருந்த செம்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி மயிரிழைக் கம்பியையே கட்டச் சொன்னாள்.

நான் ஓவென்று அழுதேன். புகையைக் கண்டு பயந்துவிட்டேன் என்று மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். சித்தப்பா முதுகைத் தடவினார். அவர்கள் தோளுக்கு மேலாக நான் அம்மாவையே முறைத்துக்கொண்டிருந்தேன். என் பீஸைப் போகாமல் காத்த ஒரே கம்பியை, பெற்ற தாயே பிடுங்கி எறிந்துவிட்டாளே!