புறவாசலில் ஒரு தீச்சட்டி

எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு வெள்ளைச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனால் மிளகுப்பொடி தூவினதுபோலக் கறுப்பு. அன்றைக்கு மடித்து வைத்ததுதான். தென்காசியிலிருந்து ஆலங்குளம் போகிற சாலையில் ஒரு பழைய இரும்பு ஆலை. நிலக்கரி உலையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்குள் விட்டுக் கட்டடக் கம்பியாக இழுப்பார்கள். அந்த உலைக்கு என் வீட்டுக்காரர்தான் மேஸ்திரி. ஆலைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. புகைபோக்கி எங்கள் தலைக்கு மேலே.

சாரல் காலத்தில் இன்னும் மோசம். குற்றாலத்துச் சாரலில் நனைவதற்கென்று எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறார்கள். அதே சாரல் எங்கள் குடியிருப்பில் கரியைக் கரைத்துக்கொண்டு இறங்கும். நான் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தோளில் கறுப்புப் பொட்டுகளோடு வகுப்புக்குள் நுழைந்தால், "டீச்சர், மை கொட்டிட்டா?" என்று பிள்ளைகள் கேட்கும். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

சேலையில் விழுந்தது நெஞ்சிலும் விழுந்திருக்கும் என்று எங்களுக்கு உறைக்க வெகுகாலமாயிற்று. இவருக்கு முதலில் காலையில் மட்டும் இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் இருமல். பிறகு சிரித்தால் இருமல். அதனால் இவர் சிரிப்பதையே குறைத்துக்கொண்டார். தென்காசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போனது போனதுதான். இருக்கிற மிச்சத்தையாவது காப்பாத்துங்க. இனிமே புகைப் பக்கமே போகக் கூடாது" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இவர் சொன்னார், "புகைப் பக்கம் போவாம நான் எங்கன போவ?"

வேறு வேலை இவருக்குத் தெரியாது. என் சம்பளத்தில் குடும்பம் ஓடும் என்றேன். மறுநாள் விடியுமுன்னே இவர் உலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அப்போதுதான் கரண்டு உலை வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. புகை அதிகம் விடாமல் செய்த கம்பிதான் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். ஆலையைச் சுற்றிலும் காற்றாலைகள் கைவீசிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கரண்டிலேயே இரும்பைக் காய்ச்சலாமாம். முதலாளி ஆயுத பூஜைக்கு வரும் என்றார், பொங்கலுக்கு வரும் என்றார், சித்திரைக்கு வரும் என்றார். நானும் இவர் இருமலைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பண்டிகையாகக் கழித்தேன். ஒருவழியாக வந்தது. பழைய உலையை இடிக்காமல் கரியை மட்டும் வாரினார்கள். புகைபோக்கி ஓய்ந்தது. அன்று நான் சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஒரு பழைய வெள்ளைத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

திரும்பி வந்தபோது புறவாசலில் தீச்சட்டி இருந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலை திறந்த நாளில், கோயில் கொடைத் திருவிழாவில் அம்மன் முன்னால் எடுத்து வந்த தீச்சட்டியிலிருந்து கங்கு எடுத்துத்தான் பெரிய முதலாளி உலையை மூட்டினாராம். அன்றிலிருந்து அந்த நெருப்பை அணையவிட்டதில்லை. உலைக்குள் செங்கல் மாற்றும்போது கங்கை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளி மேஸ்திரி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உமியும் சிரட்டைக் கரியும் போட்டு அதைக் காப்பது மேஸ்திரி பெண்டாட்டியின் வேலை. செங்கல் வேலை முடிந்ததும் மேளம் இல்லாத குறையாக எடுத்துப் போவார்கள். தீக்குச்சி கிழித்து யாரும் அந்த உலையை மூட்டியது கிடையாது. மூட்டினால் ஆலைக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. நானும் எத்தனையோ தடவை காத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை திரும்ப எடுத்துப் போய் மூட்ட வேண்டிய தேவை இல்லை.

"இது இங்கன எதுக்கு?" என்றேன்.

"வழக்கம்லா" என்றார் இவர். "கரண்ட நம்ப முடியுமா? கொஞ்ச நாள் கெடக்கட்டும்னு மொதலாளியும் சொல்லுதாரு."

யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. உலையைக் காலி செய்தால் கங்கு மேஸ்திரி வீட்டுக்குப் போகும். தூக்கி வந்தவர்களின் கால் பழக்கத்தில் தன்னால் நடந்து வந்துவிட்டது. மாமியார் வந்து தங்கினால்கூட ஒரு நாள் ஊருக்குக் கிளம்புவார். இது கிளம்பவில்லை. ஆலையில் இவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பித்தானை அமுக்கிவிட்டு வருவார். வந்ததும் வராததுமாகப் புறவாசலில் சட்டி முன்னால் குந்தி, சிரட்டைக் கரியை உடைத்துப் போட்டு ஊதுவார். ஊதி முடித்ததும் இருமுவார். ஆலையில் ஓய்ந்த புகை என் புறவாசலுக்குக் குடிவந்துவிட்டது. சண்டை போட்டுப் பார்த்தேன். சாப்பாடு போடாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் சண்டை போடவும் தெம்பில்லாமல், பள்ளிக்கூடம் போகும்முன் நானே ஒரு கை உமி போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். இவர் குந்தி ஊதுவதற்கு அது தேவலை.

ஆடி பிறந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பார்த்தவர்கள் அதைப் பழமொழி என்று நினைக்க மாட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆலை அமைதியாக இருந்தது. வீட்டு வாசலில் மூன்று நான்கு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள்; உள்ளே வாசல் நிலையருகே இவர். முன்னால் நின்றவர் இவருக்குக் கீழே வெகுகாலம் கரி தள்ளியவர். அவருக்கும் இருமல் உண்டு.

"அண்ணாச்சி, லைன்ல மரம் சாஞ்சிட்டு. கரண்டு வர ரெண்டு நாளாவும்னு சொல்லுதாங்க. பழைய பர்னஸ மூட்டச் சொல்லி மொதலாளி நிக்காரு. சட்டிய எடுத்துட்டுப் போவ வந்தோம்."

மூட்டினால் அணைக்க மாட்டார்கள். கரண்டு வந்த பிறகும் இருக்கட்டும், இருக்கட்டும் என்றே இன்னும் சில வருஷம் எரியும். சட்டியே அப்படி வந்ததுதானே. அந்த உலையின் குணம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இவர்தான் போய் அதன் வாயில் நிற்க வேண்டும். போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சட்டியில என்ன இருக்கு? அது அணைஞ்சு போச்சுல்லா."

"எப்ப?" என்றார் முன்னால் நின்றவர்.

"நேத்து. கூரைத் தகரத்து ஓட்டை வழியா சாரல் எறங்கிட்டு."

இவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தெரியவும் இல்லை. கண் தரையில் இருந்தது. கரி தள்ளியவர் எங்கள் கூரைக்கு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். காலையில் நான் போட்ட உமியின் புகை, காற்றில் சாய்ந்து, ஊருக்கே தெரிகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"மதினி, அணைஞ்சிட்டா?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்லக் கூடாது என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வாயால், "அணைஞ்சிட்டு" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் புகையைப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டார். "அப்பம் சரி. அணைஞ்ச தீய என்ன செய்ய முடியும்? ஏலே, வாங்கலே போவலாம்" என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி போனில் வந்தார். தீக்குச்சி கிழித்து மூட்டினால் எரியாதா என்று அவர் கத்துவது எனக்கே கேட்டது. இவர் நிதானமாகச் சொன்னார், "எரியும் மொதலாளி. ஒங்கப்பா அம்மன் தீயில மூட்டுன பர்னஸ். நாங்க கிழிக்க மாட்டோம். நீங்க வந்து கிழிங்க, நாங்க பக்கத்துல நிக்கோம்." அவர் வரவில்லை. ஆலை கரண்டுக்காகக் காத்துக் கிடந்தது. வந்ததும் ஓடியது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய சாயங்காலத்தை. போனை வைத்துவிட்டு இவர் புறவாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். சட்டி கனன்றுகொண்டிருந்தது. வழக்கம்போலக் குந்தப் போகிறார் என்று நினைத்தேன். குந்தவில்லை. வாளியில் தண்ணீர் மோந்து என் கையில் கொடுத்தார்.

"நீ ஊத்துட்டி. என்னால முடியாது."

ஊற்றினேன். இத்தனை வருஷம் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, அசதியாகத்தான் இருந்தது. சட்டி சீறிற்று. சாம்பலும் ஆவியுமாக எழுந்து இவர் முகத்தில் அடித்தது. இருமல் பிடித்துக்கொண்டது. சுவரில் கை ஊன்றிக் குனிந்து இருமினார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்தேன். வெகுநேரம் அடங்கவில்லை. டாக்டர் சொன்ன அந்த மிச்சம், என் உள்ளங்கைக்குக் கீழே ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.