பொன்னாடை போர்த்திய புகார்தாரர்

1. கடைசியில் வக்கீல்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரம், சபீனா வாசலில் வந்து நின்று அழுதாள். அவள் புருஷன் காதரை முந்தின நாள் சாயங்காலம் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. காதர் எங்கள் மட்டாஞ்சேரி மிளகுக் குடோன்களின் சாவிக்காரர். நாலைந்து முதலாளிமார் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். திறப்பதும் பூட்டுவதும் அவர்தான். அதில் ஒரு குடோனில் மிளகு மூட்டை காணாமல் போயிருக்கிறது. சாவி யாரிடம்? காதரிடம். இந்த மலையாள ஊரில் காதர் வீட்டில் என்ன பேச்சு? தமிழ். போலீசுக்கு அதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்!

“நேத்தே ஏன்டி வரல?” என்று கேட்டேன்.

“ஜமாஅத் செக்ரட்டரியப் பாத்தோம்க்கா. அப்புறம் கவுன்சிலர். பார்ட்டி ஆபீஸ்ல ஒரு சேட்டன் ஃபோன் பண்ணிச் சொல்றேன்னாரு. காக்கநாட்டுல கலெக்டர் ஆபீஸ்ல மாமாவுக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தர், அவரையும்…”

“டிரைவர் வரைக்கும் போயிட்டு வந்திருக்கீங்க. வக்கீல் மட்டும் ஆகாது!”

“வக்கீல்ட போனா கேஸ் ஆயிடும்னு சொன்னாங்கக்கா.”

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு மனுஷனை ராத்திரி பூராவும் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள், இவர்களுக்கு அது இன்னும் கேஸ் ஆகவில்லையாம். எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள், இந்துவோ முஸ்லிமோ, இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையோ ஒற்றுமை. ஒன்று நடந்தால் முதலில் தெரிந்த ஆளைத் தேடுவார்கள். அப்புறம் அந்த ஆளுக்குத் தெரிந்த ஆளை. எல்லாரும் கைவிரித்த பிறகுதான் நான் ஞாபகத்துக்கு வருவேன். நானும் அதே தெருவில் பிறந்து வளர்ந்த தமிழச்சிதான், தெரிந்த ஆள் கணக்கில் மட்டும் வரமாட்டேன்.

2. “சும்மா விளிச்சதா”

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சிரித்த முகமாக நாற்காலியைக் காட்டினார்.

“காதரா? அரஸ்ட் ஒன்னும் இல்ல மேடம். சும்மா ஒண்ணு விளிச்சதா.”

“சும்மா கூப்பிட்டவரைச் சும்மா அனுப்பலாமே சார்.”

“கொறச்சு காரியம் சோதிக்கானுண்டு.” கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறதாம். நேற்றிலிருந்து விசாரித்தது போதவில்லை போலிருக்கிறது.

புதிதாக கவுன் மாட்டுகிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரஸ்ட் என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அரஸ்ட் இல்லை என்றால் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தவரைப் பிடித்து உட்கார வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. சட்டத்தில் இந்த இரண்டுதான் உண்டு. ஸ்டேஷனில் மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்குப் பேர்தான் “சும்மா விளிச்சது”.

“நல்லது சார். நான் நேரா எர்ணாகுளம் போய் ஹைகோர்ட்ல ஹேபியஸ் கார்பஸ் போடறேன். அங்க வந்து சும்மா விளிச்சதுன்னு சொல்லுங்க” என்று எழுந்தேன். நான் வாசல் தாண்டுவதற்குள் காதரை வெளியே விட்டார்கள். கால் தாங்கித் தாங்கி நடந்து வந்தார்.

நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். காதர் வாய் கூசாமல், “வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்” என்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “எங்க வழுக்குச்சு? ஸ்டேஷன்லயா? உள்ளங்கால்லயா விழுந்தே?” என்று கத்தினேன். அதற்கப்புறம்தான் போலீஸ் அடித்தது என்று சொன்னார். டாக்டர் அப்படியே எழுதினார்.

மறுநாள் மூட்டையைக் கடத்தியது அந்தக் குடோன் முதலாளியின் மச்சான்தான் என்று தெரிந்துவிட்டது. அத்தோடு முடிந்ததா? இல்லை. முதலாளிமார் ஒவ்வொருவராக வந்து காதரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

“நீ எடுக்கலன்னுதான் தெரிஞ்சாச்சே?”

“தெரிஞ்சாச்சு வக்கீலக்கா. ஆனா போலீஸ் கொண்டுபோன ஆளுன்னு பேராயிடுச்சுல்ல. இனி யாரு என் கையில சாவி தருவா? நான் நல்லவன்னு அந்தப் போலீஸே சொல்லணும். அது போதும் எனக்கு.”

“அடிச்சதுக்கு?”

“அடி ஆறிடும்க்கா.”

எனக்கு ஆறவில்லை. போலீஸ் மேல் வருகிற புகார்களை விசாரிக்கும் அதாரிட்டிக்கு மனு எழுதினேன். காதர் தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷன் ஆட்களோடு நல்லதோ கெட்டதோ ஒரு பேச்சும் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

3. மரியாதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழர் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஆண்டு விழாப் போட்டோக்கள் வந்தன. மேடையில் சிறப்பு விருந்தினராக அதே எஸ்.ஐ. அவர் தோளில் சரிகை மின்னப் பொன்னாடை. இரண்டு கையாலும் பவ்யமாகப் போர்த்துகிறவர் யார்? சங்கத்தின் செயலாளர். செயலாளர் யார்? என் கட்சிக்காரர் காதர்!

போனில் கூப்பிட்டேன். “உனக்குப் பைத்தியமா?”

“இல்லக்கா, இதெல்லாம் நடக்குறதுக்கு முன்னாடியே சங்கத் தலைவர் போய் அவர விழாவுக்குக் கூப்பிட்டாச்சு. நோட்டீஸும் அடிச்சாச்சு. செயலாளர்தான் போர்த்தணும், அதான் நம்ம வழக்கம். வந்த விருந்தாளிய எப்படி அவமானப்படுத்துறது?”

“உன்னை அவன் அவமானப்படுத்தலாமா?”

“அது ஸ்டேஷன்ல. இது நம்ம மேடைல.”

இந்த மாதிரி ஒரு தப்பை உலகத்தில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்? அடித்தவனுக்குப் பொன்னாடை! போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்குச் சாயாகூட இறங்கவில்லை.

4. விசாரணை

நான் பயந்தது போலவே நடந்தது. ஸ்டேஷன் கேமரா அன்றைக்குப் பார்த்து ரிப்பேராம். அந்தக் கேமராவுக்கு எப்போதும் வேண்டிய நாளில்தான் உடம்பு சரியில்லாமல் போகும். எஸ்.ஐ.யின் வக்கீல் அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அடிபட்டவன் அடித்தவனுக்குப் பொன்னாடை போர்த்துவானா, இது எங்களை மிரட்டக் கொடுத்த புகார் என்று ஒரே சத்தம். அடுத்து எஸ்.ஐ. எழுந்தார். காதர் மட்டாஞ்சேரிக்கே தெரிந்த நல்ல மனுஷர், ஒருநாளும் அவரைச் சந்தேகப்படவே இல்லை, விரல்கூட அவர் மேல் படவில்லை, சாவி விவரம் கேட்கத்தான் விளித்தோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்.

காதர் பின்னாலிருந்து என் கவுனைப் பிடித்து இழுத்தார்.

“அக்கா, போதும். நல்லவன்னு சொல்லிட்டாரு. அந்த வாக்குமூலத்துல ஒரு காப்பி வாங்கிக்கலாம். புகார வாபஸ் வாங்கிருவோம்.”

“நான் சொல்லமாட்டேன். வேணும்னா நீயே போய்ச் சொல்லித் தொலை!” என்று பல்லைக் கடித்தேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தயார் செய்த குறுக்கு விசாரணை மொத்தமும் வீண் என்று எனக்கு ஆத்திரம்.

காதர் எழுந்து முன்னால் போனார். அங்கே தலைமை வகித்தவர் ரிட்டயரான ஜட்ஜ். புகாரை வாபஸ் வாங்குகிறீர்களா என்று கேட்டார்.

“வாங்குறேன் சார். எஸ்.ஐ. சார் என்னைய நல்லவன்னு சொன்னதுக்குச் சந்தோஷம்.” பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார், மரியாதையாகத்தான். நல்லவன் என்று முன்பே தெரியும் என்கிறீர்களே சாரே, பிறகு எதற்கு என்னை அடித்தீர்கள் என்று.

எஸ்.ஐ. முகம் ஒரு மாதிரி ஆனது. அவர் வக்கீல் எழுவதற்குள் வாயை விட்டுவிட்டார்.

“அது… ஆளறியாதெ பற்றிப்போயதா சாரே.” ஆள் யாரென்று தெரியாமல் நடந்துவிட்டதாம்.

ஜட்ஜ் பேனாவை எடுத்தார். “எது நடந்துவிட்டது?” என்று கேட்டார். டாக்டர் எழுதியதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாபஸை ஏற்கவில்லை. பிடித்துவைத்தது சட்டவிரோதம், அடித்ததற்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. காதர் அதன் நகலை எடுத்துக்கொண்டு கடைகடையாகப் போனார். சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வீட்டுக்கு ஹல்வா கொண்டுவந்தார். சந்தோஷம்தான். ஆனால் எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஆள் தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டாராம். அப்படியென்றால் ஆள் தெரியாதவன்? முதலாளி இல்லாதவன், சங்கம் இல்லாதவன், நேற்று வைட்டிலாவில் பஸ் இறங்கி வேலை தேடி வந்தவன்? அவனை அடிக்கலாமா? தெரிந்த ஆளைப் பிடித்துக் காரியம் முடிக்கிற எங்கள் ஊரும் அந்த எஸ்.ஐ.யும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். பிள்ளைகளே, உங்கள் ஆபீஸ் கதவைத் தட்டுகிறவன் யாருடைய ஆள் என்று மட்டும் கேட்காதீர்கள். யாரும் இல்லாதவனுக்குத்தான் சட்டம்.