ஒரு சுண்டு, ஒரு மிஸ்டு கால்

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிப்பான். சொந்த அண்ணன் தம்பியைக்கூட அதற்கு நம்ப மாட்டார்கள். கூடப்பிறந்தவள் தாலி அறுந்துவிடக் கூடாதே என்ற பயம் மச்சானுக்குத்தானே அதிகம்! கீழே இருப்பவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், மேலே இருப்பவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அப்படிக் கயிறு பிடித்தவன் என் தம்பி. இருபது வருஷம் பிடித்தான். ஒரு நாளும் கை தவறவில்லை.

இன்னொரு வேலையும் அவனே பார்த்தான். இவர் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்ததும் பீடியைப் பற்ற வைத்து இவர் வாயில் வைப்பான். ஈரக்கையால் தீக்குச்சி உரச முடியுமா? குளிருக்கும் இதமாக இருக்கும். அதைக் கண்ட அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "எந்தம்பி மாதிரி யாரு பாப்பா?" என்று நானும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்கு என்ன தெரியும்? இப்போதும் எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள், நடுவில் சிரிக்கவும் செய்கிறாள்.

இரண்டு பேரும் கடலை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. பீடி மட்டும் கூடவே கரையேறி வீட்டுக்குள் வந்துவிட்டது.

போன வருஷம் தை மாதம் இவருக்குக் குடலிறக்கம் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. அது இவர் கையில் ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்தது. மூன்று குழாய், மூன்று பந்து. மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே போக வேண்டுமாம். இவர் இழுத்தார். முதல் பந்து கொஞ்சம் எழும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. கடலுக்கு அடியில் மூச்சடக்கிச் சங்கு பொறுக்கிய மனிதர். அன்றைக்கு அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், படிக்கத் தெரிந்தவள் போல.

"தாத்தா, இந்த இருமலோட ஆபரேசன் பண்ணா தையல் பிரிஞ்சிரும். மயக்க மருந்த ஒங்க நெஞ்சு தாங்காது. பீடிய அடியோட விட்டுட்டு, பந்து நல்லா மேல போனதும் வாங்க. ரொம்ப நாள் தள்ளாதீங்க. கொடல் மாட்டிக்கிட்டா உசுருக்கே ஆபத்து."

பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். இவர் என்னைத் தேற்றினார்.

"ஏளா, எதுக்கு அழுத? தவசு காலம் வருதுல்லா. வருசா வருசம் நாப்பது நாளு விடுதேன். எனக்கா முடியாது?"

அது உண்மைதான். விபூதி புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசினால், ஈஸ்டர் வரை பீடியைத் தொட மாட்டார். ஆனால் ஈஸ்டர் காலையில் என் தம்பி ஒரு கையில் கறியும் மறு கையில் பீடிக்கட்டுமாக வந்துவிடுவான். ஆண்டவருக்காக விட்டதை, ஆண்டவர் உயிர்த்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? நான்தான். சிரித்துக்கொண்டே கொடுப்பேன். நாற்பது நாள் விட முடிந்தவரால் நாற்பத்தொன்றாம் நாளும் முடியும் என்று எனக்கு ஒரு வருஷமாவது தோன்றியதா? இல்லையே.

மறுநாள் காலையில் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"ஏலே, கயித்த எப்பல விட்ட?"

"எந்தக் கயித்தச் சொல்லுத? கடலுக்குப் போயி எம்புட்டு வருசமாச்சு."

"ஓம் மச்சான் அங்கன மூச்சு முட்டிக் கெடக்காரு. நீ மேல நின்னுக்கிட்டு பீடி குடுக்க."

"எக்கா, அவருதான் கேக்காரு. கேக்கும்போது எப்பிடி இல்லன்னு சொல்ல?"

"உள்ள கெடக்கவரு இன்னும் ஒரே ஒரு சங்குன்னு கேட்டா, நீ இழுக்காம நிப்பியால?"

தம்பி தலையைச் சொறிந்தான். நானும் காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன். அவன் வீட்டுக் காப்பி எப்படியும் கழுநீர்தான், அது வேறு கதை.

சாயங்காலம் வந்தான். அந்தப் பந்துச் சாமானை எடுத்து வாயில் வைத்து இழுத்தான். முதல் பந்து ஏறியது. இரண்டாவது நடுவழியில் நின்று நடுங்கிவிட்டு விழுந்தது. இவர் அன்றைக்குத்தான் பழையபடி சிரித்தார்.

"ஏ மாப்ள! ஒம்ம படகும் ஓட்டதானா?"

"ஆமா மச்சான். நானும் விடுதேன். உமக்கு பீடி ஞாவம் வந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடும். ஒண்ணும் பேசாண்டாம். ஒரே ஒரு சுண்டு. நா வந்துருதேன்."

விபூதி புதனுக்குக் காத்திருக்கவில்லை, அன்றைக்கே தொடங்கியது கூத்து. காலை டீ குடித்ததும் ஒரு மிஸ்டு கால். சோறு தின்றதும் ஒன்று. பீடி இல்லாமல் இவருக்குக் கக்கூசே வராது. தம்பி மொபெட்டில் வந்து இறங்கி, கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று ஊர்க்கதை பேசுவான். உள்ளேயிருந்து இவர் உம் கொட்டுவார். வாய்க்கு வேலை வேண்டுமே என்று அவித்த பனங்கிழங்கைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வருவான். இருவரும் நாள் பூராவும் மென்று, வீடெல்லாம் நார்.

ஐந்தாம் நாள் எரிச்சல் தலைக்கேறி, இவர் என் மேல் பாய்ந்தார்.

"நீ மட்டும் வெத்தலையோட போயிலய அதக்குத. எனக்கு உபதேசமா?"

எனக்குச் சுருக்கென்றது. சரி, நானும் விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். மூன்று நாள் தலைவலியில் கோழியைக்கூடத் திட்டினேன். நான்காம் நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த துண்டுப் புகையிலையைத் துழாவிக்கொண்டிருந்தேன். வாசலில் மொபெட் சத்தம்.

"யாரு சுண்டுனது?"

இவர் என்னைக் கைகாட்டினார். "இவளுக்காவ நாந்தான் சுண்டுனேன், மாப்ள. இழும்!"

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தத் துண்டு அடுப்புக்குள் போனது. அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

ஆனால் எனக்குப் பயமெல்லாம் ஈஸ்டர் காலையைப் பற்றித்தான். அன்றைக்குத் தம்பி கறியோடு வந்தான். இவர் நாற்காலியில் இருந்தபடி, பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டார். தம்பி அந்தக் கையைப் பார்த்தான், கறிப்பையை அதில் வைத்தான்.

"மச்சான், நல்ல நெஞ்செலும்பா வாங்கியாந்துருக்கேன். அக்காட்ட குடும்."

இவர் பையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அடுப்படியில் என்னிடம் கொடுத்தார். அவ்வளவுதான். நாற்பத்தொன்றாம் நாள் அப்படித்தான் கடந்தது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இரண்டு பந்து உச்சியில் போய் நின்றது. மூன்றாவதும் பாதிக்கு ஏறியது. இது போதும் என்றது டாக்டரம்மா.

ஆபரேஷன் முடிந்து படுக்கைக்குக் கொண்டு வந்தார்கள். கண் திறக்கவில்லை. நான் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன், எத்தனையாவது மணி என்று மறந்து மறந்து. கட்டில் ஓரத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். இவர் கை மெதுவாக அசைந்து, அவன் சட்டை நுனியைத் தேடிப் பிடித்தது. ஒரு சுண்டு.

"எக்கா, மேல வந்துட்டாரு" என்றான் தம்பி.

சொல்லும்போதே அவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அந்தக் காலத்தில் இந்த நேரத்தில்தான் பீடி வரும். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். நனைத்துப் பிழிந்து, இவருடைய காய்ந்த உதட்டைத் துடைத்துவிட்டான்.