மட்டக்களப்பில் இறங்கவிருந்த ஸஹீதா

விமானம் இறங்கும்போது ஓடுபாதையில் ஒரு கொக்குகூட நிற்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் ஏறாவூர் உசனாரின் உத்தியோகம். மட்டக்களப்பு விமான நிலையம் வாவிக்கரையில் இருக்கிறது. மீன் தின்ன வருகிற பறவைகளுக்கு வெயிலில் சுட்டுக் கிடக்கும் தார்ப்பாதை இறகு காயவைக்க நல்ல இடம். வெடி கொளுத்தி, கையைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி அவற்றைக் கிளப்புவார். புல்லை ஒட்ட வெட்டினால் பூச்சி பொறுக்க ஒரு கூட்டம் வரும். வளரவிட்டால் முட்டையிட இன்னொரு கூட்டம் வரும். இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்கவேண்டும். மாடு வேலிக்குள் புகுந்துவிட்டால் அதை வளர்த்தவரையும் சேர்த்து ஏசுவார். இத்தனை பாடும் எதற்கு? ஒரு மினிபஸ்ஸில் அடங்கிவிடக்கூடிய ஆட்களோடு வருகிற சின்ன விமானத்துக்கு. அதுவும் தினமும் வராது.

சிறுவயதில் உசனார் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. சண்டைக் காலம் முழுக்க அது படையினரின் இடம். சண்டை ஓய்ந்து பல வருடம் கழித்து ஓடுபாதையைத் திருத்தியபோது கல் சுமக்கக் கூலிக்குப் போனவர், அங்கேயே ஒட்டிக்கொண்டார். பயணிகளுக்குக் கட்டடம் வந்தது, பொதுமக்கள் போகலாம் என்றானது. பிறகு பெயரோடு ‘சர்வதேச’ என்ற சொல்லும் சேர்ந்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு மணியோசை நன்றாகவே கேட்டது.

உசனாரின் மனைவி ஸஹீதா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். வந்து இருக்க வீடு வேண்டாமா? ஒரே மகள் அஸ்மியாவுக்கு அந்த வீட்டை எழுப்பத்தான் தாய் கடல் கடந்தாள். சுவர் எழும்பிவிட்டது. கூரை மிச்சம் இருந்தது.

ஸஹீதாவுக்கு விமானத்தில் பயமில்லை, ரோட்டில்தான் பயம். விடுமுறையில் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து ஏறாவூருக்கு நாள் முழுக்க வேனில் வரவேண்டும். வேன் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சத்தியெடுத்துக் குடல் வாய்க்கு வந்துவிடும். வெலிக்கந்தை வரும்போது தலையைத் தூக்கமாட்டாள். அவளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் உசனார் வளவிலிருந்த தேசிமரத்தில் இரண்டு எலுமிச்சங்காய் பறித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அதை நகத்தால் கீறி முகர்ந்து முகர்ந்துதான் அவள் ஊர் வந்து சேருவாள்.

“வானத்துல ஒண்டுமில்ல மச்சான். இந்த ரோட்டுலதான் என்ட உசிர் போகுது” என்பாள்.

ஒப்பந்தம் முடியும் சமயத்தில் ஸஹீதா தொலைபேசியில் கேட்டாள். “நான் வந்திரட்டா மச்சான்? முந்தி மாதிரி ஏலாம இரிக்கி. படி ஏறினா மூச்சு வாங்குது.”

“கொஞ்சம் பொறு புள்ள. எங்கட எயார்போட் இப்ப இன்டர்நெஷனல். இன்னொரு ஒப்பந்தம் இருந்துட்டு வந்தாயெண்டா குவைத் பிளேன் இஞ்சயே வந்து இறங்கும். வேனும் இல்ல, சத்தியும் இல்ல. நான் கொக்குக் கலைச்சு உன்ன இறக்குவன்.”

“மெய்யாவா?”

“மெய்தான். அதுக்குள்ள கூரையும் போட்டிரலாம்.”

அவள் சிரித்தாள். சரி என்றாள்.

உசனார் பொய் சொல்லவில்லை. யாரும் அவருக்கு அப்படி வாக்குக் கொடுக்கவுமில்லை. தினமும் தான் சுத்தமாக வைத்திருக்கிற ஓடுபாதையைப் பார்த்துப் பார்த்து மனிதர் தானே நம்பிவிட்டார். வீட்டைக் கூட்டிவைத்தால் விருந்தாளி வந்துதானே தீரவேண்டும் என்ற நினைப்பு. பாவம், அந்த நம்பிக்கையை மனைவிக்கும் ஊட்டிவிட்டார்.

கூரை போட்டாயிற்று. குவைத் விமானம் வரவில்லை. ஒரு காலையில் குவைத்திலிருந்து ஸஹீதாவின் சிநேகிதி பேசினாள். வேலை செய்த வீட்டில், படியில் ஏறும்போதே ஸஹீதா விழுந்துவிட்டாளாம். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மௌத்தாகிவிட்டாள்.

ஜனாஸாவைச் சுணக்கக்கூடாது, அங்கேயே அடக்கிவிடலாம் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் அஸ்மியா, “எனக்கு உம்மாட முகத்தப் பாக்கணும் வாப்பா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். உசனார் குவைத்துக்குப் பேசி ஜனாஸாவை ஊருக்கு அனுப்பச் சொன்னார்.

எல்லாம் சரியாகி நாள் குறித்த பிறகு, லீவு கேட்க மேற்பார்வையாளர் வினாயகமூர்த்தியிடம் போனார்.

“எங்க கொண்டுவந்து இறக்கிறாங்க உசனார்?”

“கட்டுநாயக்கவிலதான் ஐயா.”

கேட்டிருக்கக்கூடாது என்று வினாயகமூர்த்திக்கு அப்போதுதான் பட்டது. முன்னால் ஓடுபாதை பறவை பட்சி இல்லாமல் துப்புரவாகக் கிடந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்கள்.

ஸஹீதாவின் தம்பி மகன் றுஸ்தி வேன் ஓட்டினான். கட்டுநாயக்கவில் பயணிகள் வெளியே வரும் வாசலில் எத்தனையோ தரம் காத்து நின்றவர், இந்தத் தடவை சரக்கு இறக்கும் பக்கம் போகவேண்டியிருந்தது. பெட்டியை வேனுக்குள் ஏற்றி, தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். தம்புள்ளை தாண்டியும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஓதிக்கொண்டே வந்தார்.

பொலன்னறுவை கழிந்து வெலிக்கந்தைப் பக்கம் வந்தபோது வேன் பள்ளத்தில் விழுந்து குலுங்கியது. உசனாரின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குள் போனது. உள்ளே இரண்டு தேசிக்காய். எப்போது பறித்தார், எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியாது. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் மனிதர் உடைந்து அழுதார்.

அழுதபடியே நகத்தால் ஒரு காயைக் கீறினார். வேன் முழுக்க அந்த மணம் பரவியது. இரண்டையும் பெட்டியின்மேல், அவள் முகம் இருக்கும் இடத்தில், உருண்டு விழாமல் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

“மகன் றுஸ்தி, மெல்லமாப் போங்க. மாமிக்கு இந்த ரோட்டு ஒத்துவராது.”

றுஸ்தி திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்தான்.