தேத்தண்ணி குடித்த மாடசாமி

ஊரைவிட்டுப் போன சாமி திரும்பி வந்தால் எங்கே உட்காரும்? சென்ற வாரம் கோவில்பட்டிப் பேருந்து நிலையக் கடையில், பால் தீர்ந்துவிட்டதென்று கறுப்புத் தேநீரை நீட்டினார்கள். அதன் துவர்ப்பான ஆவியில் எழுந்தது இந்தப் பழைய கேள்வி. சிரிக்காதீர்கள். எழுபதுகளின் இறுதியில் ஒரு குடும்பத்தின் கதி இதன் விடையைப் பொறுத்தே இருந்தது.

பட்டம் பெற்ற சூட்டோடு, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களைக் குடியமர்த்தும் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். எதற்கும் காரணகாரியம் சொல்லிவிடுவேன். துரைமார் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மலைக்காட்டை அழித்ததையும், மழை பொய்த்த நம் கரிசல்காட்டு ஆட்கள் கடல் கடந்ததையும், ஒரு பங்களா, நாலு குடிசை என்றிருந்த இடம் அவர்களால் தொழிலாளர் லயங்களும் கடைகளும் கோயில்களுமாகப் பெருத்ததையும், கேட்காதவர்களுக்கும் விளக்குவேன். அந்தக் கோயில்களுக்குச் சாமி எங்கிருந்து போனது என்று மட்டும் யோசித்ததில்லை.

அப்படித் தாயகம் திரும்பிய மாரியப்பன் சொல்லித்தான் தெரிந்தது. அவருடைய முன்னோர் பசுவந்தனைப் பக்கத்துச் சிற்றூரில் மாடசாமி கோயில் பிடிமண் எடுத்துப்போய், தோட்டத்தில் வைத்துக் கும்பிட்டார்களாம். திரும்பும்போது மாரியப்பனும் மனைவி பொன்னம்மாளும் அந்த இடத்து மண்ணைச் செம்பில் அள்ளி வந்திருந்தார்கள். ஊர் ஏற்றுக்கொண்டால் பங்காளிகள் வீட்டுமனை கொடுப்பார்கள். இல்லையேல் நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்புவதைத் தவிர எனக்கு வழியில்லை.

“மறுபடியும் மலை வேணாங்க ஐயா,” என்றார் மாரியப்பன். அதற்குமேல் கெஞ்சவில்லை.

நாங்கள் போன அன்று கோயில் கொடைவிழாவுக்கு நாள் குறிக்க ஊர் கூடியிருந்தது. பூசாரி செம்பைத் தொடவே இல்லை. பிடிமண் போவதுதான் வழக்கம், திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை; ஒரு மாடசாமி இருக்கும்போது இன்னொருவரை எங்கே உட்கார வைப்பது என்றார். நான் குடிபெயர்வின் வரலாற்றைத் தொடங்கினேன்.

“சார்வாள், சித்த இருங்க,” என்று நிறுத்திவிட்டு, கோயில் காரியம் பார்த்துவந்த உழவுச் சம்சாரி ராமையா பொன்னம்மாளிடம் திரும்பினார். “ஏம்மா, அங்கன சாமிக்கு என்ன வச்சுக் கும்பிட்டிய?”

“பொங்கல்தாங்க. அப்புறம் ஒரு கோப்பை தேத்தண்ணி.”

கூட்டம் சிரித்தது. “சுருட்டும் சாராயமும் கேக்குற சாமிக்கு டீத்தண்ணியா? வெளங்கிரும்,” என்றார் பூசாரி.

பொன்னம்மாள் முகம் சுண்டவில்லை. “பனியில பல்லு கிட்டிரும்ங்க. நாங்க சூடா குடிச்சிட்டு அவர மட்டும் எப்பிடி வெறும் வயித்தோட விடுறது?”

ராமையா பூசாரியிடம் திரும்பினார்: “ஏலே, அவிய குடிச்சதத்தான் அவருக்கும் குடுத்திருக்காவ. பட்டினி போடலல்லா? போனவரு ஒருத்தரு, இருக்கவரு ஒருத்தரா என்ன? பீடத்தடியில தட்டு.”

செம்பு கவிழ்ந்தது. கரிசல்மேல் மலைச் செம்மண். அதிலும் ஒரு தத்துவம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நீலகிரிக்கு யாரையும் ஏற்ற வேண்டியதில்லை என்ற நிம்மதியில், திரும்பும் பேருந்தில் நன்றாகத் தூங்கிப்போனேன். இடம் கொடுத்தால் நாளை பங்கு கேட்பார்கள் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். கேட்கத்தான் செய்தார்கள்: கொடைக்கு வரி கொடுப்பதில் பங்கு.

அந்த ஆண்டிலிருந்து மாடசாமிக்கு, சுருட்டுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் கறுப்புத் தேத்தண்ணியும் வைக்கிறார்கள். மாரியப்பன் வீட்டுக்குச் ‘சிலோன்காரன் வீடு’ என்ற பெயர் சில காலம் வழங்கியது. இப்போது கேட்டால், அது எந்த வீடென்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.